மேகத்துக்குள் வைத்த மூன்று குட்டிகள்

நீ என் மூன்று பூனைக்குட்டிகளைக் கொன்றாய். கொன்றுவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கல்யாணப் பெண்ணிடம் பொய் சொன்னாய்.

கொன்றதைத் தெரியாமல் செய்தாய். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பொய்யை யோசித்துச் சொன்னாய். உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலில் பூனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு கூலாயில், ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கும் வரிசை வீடு. நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் வருகிறார். மகள் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அவள் அறை காலியானபோது அதில் ஒரு வெள்ளைப் பெர்சியன் பெண் பூனையைக் கொண்டுவந்து வைத்தேன். சான்றிதழோடு வந்த பூனை. அதன் அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா யார் யார் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கும்.

அதைப் படித்துவிட்டு என் கணவர் சொன்னார்: "என் தாத்தாவோட அப்பன் பேரு எனக்குத் தெரியாது. எந்தக் கப்பல்ல வந்தான்னும் தெரியாது. இந்தப் பூனைக்குப் பாரு, பரம்பரையே இருக்கு. இனிமே இதுதான் வீட்டுக்கு மூத்தது, நான் எடுபிடி."

சொன்னது போலவே ஆனது. அவர் மின்விசிறியின் கீழ் படுத்தார். பூனை ஏர்கோன் அறையில் படுத்தது. நம் ஊர் வெயிலை அந்த உடம்பு தாங்காது.

வருடத்துக்கு ஒரு முறைதான் குட்டி போட விட்டேன். எல்லாவற்றையும் வைத்து வளர்க்க முடியாது, அதனால் விற்றேன். இலவசமாகக் கொடுத்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்பதை முதல் தடவையே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் காசைக் காட்டியதும் குட்டியைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. வாங்க வருகிறவர்கள் இரண்டு தடவை வர வேண்டும். முதல் தடவை தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். குட்டி தானாக மடிக்கு வரும்வரை பொறுக்கிறார்களா, எட்டிப் பிடித்து இழுக்கிறார்களா என்று பார்ப்பேன். இழுத்தவர்களுக்குக் கொடுத்ததில்லை. "இது என்னக்கா, பொண்ணு பாக்கற மாதிரி இருக்கு" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

எல்லோருக்கும் நான் சொல்கிற ஒரே கண்டிப்பு, புகை கூடாது என்பது. பெர்சியனுக்கு மூக்கு முகத்துக்குள் அமுங்கியிருக்கும். நல்ல காற்றையே அது சிரமப்பட்டுத்தான் இழுக்கும். தூங்கும்போது குறட்டை கேட்கும், அழகாக இருக்கிறது என்று ஆட்கள் சிரிப்பார்கள். அது அழகு அல்ல, கஷ்டம். அதனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் வேறு அறையில் வையுங்கள், கொசுவத்தி வேண்டாம், டெங்கிக்காகத் தாமானில் மருந்துப் புகை அடிக்க வந்தால் சன்னலையெல்லாம் சாத்துங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். உன்னிடமும் சொன்னேன். நீ அதைக் கேட்டாய். அதுதான் கொடுமை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஈற்றில் நான்கு குட்டிகள். நான்கும் வெள்ளை. அடையாளத்துக்குக் கழுத்தில் கம்பளி நூல் கட்டினேன். சிவப்பு நூல் எப்போதும் முதலில் சாப்பிட வந்துவிடும். மஞ்சள் என் செருப்புக்குள் தலையை விட்டுத் தூங்கும். பச்சை காரணமே இல்லாமல் கத்தும், தூக்கினால் நிறுத்தும், இறக்கினால் மறுபடி கத்தும். நான்காவதற்கு நூல் தேவைப்படவில்லை. ஒரு கண் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகுமுன் வெந்நீரில் பஞ்சை நனைத்து அதன் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் என் முகத்தைக் கழுவுவேன்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தாய். வேனின் பின்னால் இரும்புச் சட்டங்களும் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் பூக்களும் இருந்தன. கல்யாண மண்டபம் அலங்கரிக்கிற தொழில் என்றாய். நான்கூட என் தங்கை மகள் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சொன்னபடி தரையில் உட்கார்ந்தீர்கள். இருவரும் கையை நீட்டவில்லை. மஞ்சள் குட்டி உன் மனைவியின் மடியில் ஏறி, அவள் தாலிக்கொடியைப் பல்லால் பிடித்து இழுத்தது.

"பாத்தீங்களாக்கா, இப்பவே தங்கம் கேக்குது" என்றாள் அவள்.

"எந்தக் குட்டிம்மா வேணும்?" என்று கேட்டேன்.

நீதான் பதில் சொன்னாய். "நூல் கட்டுன மூணும் வேணும்க்கா."

"மூணும் ஒரே வீட்டுக்கா தம்பி?"

"ஆமாக்கா. ஒண்ணா பொறந்தது, பிரிச்சா பாவம்லா."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். குட்டி விற்கிறவர்களுக்குத்தான் அது புரியும். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கியவை ஒவ்வொன்றாகக் கூடையில் ஏறி ஒவ்வொரு பக்கமாகப் போகும். கடைசியாக மிச்சமிருப்பது வெறும் தரையில் படுத்துப் பழகாமல் முழிக்கும். என்னிடம் ஒன்றுக்கு மேல் கேட்டவர்கள் யாருமில்லை. மூன்றும் சேர்ந்தே வளரும் என்று நீ சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

"அப்ப இந்த நாலாவதையும் எடுத்துக்கோயேன். இதுக்குக் காசு வேணாம்."

நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். "வேணாம்க்கா. கண்ணு ஒழுகுது. ஃபோட்டோல நல்லா வராது."

சிரித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோற்றைக்கூடப் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், பூனையை எடுக்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புகையைப் பற்றிச் சொன்னேன். குட்டியின் மூக்கை உன் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"எங்க வீட்ல கொசுவத்திகூடக் கெடையாதுக்கா" என்றாய். உன் மனைவி அப்போது உன்னைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் மனைவிக்குள் ஏதோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தடவை புதுக் கூடைகளோடு வந்து எடுத்துப் போனாய். வேகவைத்துப் பிய்த்த கோழியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். அவை ஒண்ணுக்குப் போய்ப் பழகிய மண்ணிலும் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தேன், புது வீட்டில் வாசனை பிடித்து இடம் கண்டுகொள்ளட்டும் என்று. பச்சை நூல் குட்டி வேனுக்குள் போயும் கத்திக்கொண்டே இருந்தது. முனையில் வேன் திரும்பும்வரை எனக்குக் கேட்டது.

சமையலறையில் நின்று அழுதேன். கணவர் வந்து பார்த்தார். "வித்துட்டு அழுவற. அழுவறதா இருந்தா விக்காத. வித்தா அழுவாத. ரெண்டுல ஒண்ணு செய்யி" என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

தாய்ப்பூனை இரண்டு நாள் அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடியது. பிறகு தேடவில்லை. நன்றாகச் சாப்பிட்டு நீட்டிப் படுத்துவிட்டது. பூனைக்கு அந்த வரம் இருக்கிறது.

நீ படங்கள் அனுப்பினாய். நீல சோபாவில் மூன்றும் படுத்திருக்கும் படம், தட்டில் சாப்பிடும் படம். பிறகு நின்றுபோனது. எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். "நல்லா இருக்குக்கா" என்று பதில் வந்தது, கூடவே அதே நீல சோபா. கோணம் மாறியிருந்தது, குட்டிகள் கொஞ்சமும் வளரவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. படம் வந்ததே போதும் என்றிருந்தது.

பிறகு ஒரு நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புதுசாகக் கல்யாணமான பெண்ணும் அவள் கணவனும். கை மருதாணி முழுக்க மறையவில்லை. பெக்கான் நானாஸிலிருந்து வருகிறார்களாம். இரண்டு அன்னாசிப் பழமும், பூனைக்கு மீன் டின்களும், ஒரு இறகு பொம்மையும் கொண்டுவந்திருந்தார்கள். கூலாயில் வெள்ளைப் பெர்சியன் வைத்திருப்பது யார் என்று பூனை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அந்த மூணு பேபியையும் பாக்கலாமா? எங்களுக்கே குடுத்துடுவீங்களான்னும் கேக்கலாம்னு வந்தோம்."

"எந்த மூணும்மா?"

"எங்க கல்யாண டின்னர்ல இருந்துச்சே, அதுங்கதான். டெக்கரேஷன் அண்ணன் உங்ககிட்ட வாடகைக்கு எடுத்தேன்னாரு. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன்னாரு."

என் கணவர் உள்ளேயிருந்து சிரித்தார். "வாடகைக்கா? பூனை என்னம்மா, காரா? பெட்ரோல் ஊத்திக் குடுத்தானாமா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கைத்தொலைபேசியில் வீடியோவை எடுத்துக் காட்டினாள். இணையத்தில் உன் தொழில் பக்கத்தில் நீ போட்டிருக்கிற வீடியோ.

டேவான் மண்டபம் முழுக்க இருட்டு. நடுவில் நடைபாதை, கோடியில் பூ ஊஞ்சல். ஊஞ்சலின் காலடியில், தரையோடு தரையாக ஒரு வெள்ளைக் கூடை. குட்டிகள் ஓடிவிடாமல் இருக்கக் கூடையைச் சுற்றி வலைத்துணி கட்டியிருந்தாய். என் கம்பளி நூலை அறுத்துவிட்டு வெள்ளை லேஸ் கட்டியிருந்தாய், அதனால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ கிளம்பித் தரையில் பரவியது. பொங்கி வழிகிற பால் போல அது மேலே எழும்பாமல் கீழேயே உருண்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்கால்வரை அதில் மறைய நடந்து வந்தார்கள். மேகத்தின் மேல் நடக்கிற மாதிரி. ஆட்கள் விசிலடித்தார்கள். அந்த வெள்ளை போய்க் கூடையை மூடியது. ஒரு தலை மட்டும் மேலே வந்து, வாயை அகலமாகத் திறந்தது.

"இங்க பாருங்க ஆன்ட்டி, எவ்ளோ க்யூட்டா கொட்டாவி விடுது."

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எதற்கு என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன்.

"தம்பி, குட்டிங்க எங்க?"

"வீட்லதான்க்கா. தூங்குது."

"வீடியோ கால் போடு. நான் பாக்கணும்."

"வெளில இருக்கேன்க்கா. இங்க மேடை கட்டிட்டிருக்கோம். அப்பறம் போடறேனே."

"வீட்ல சம்சாரம் இருப்பாங்கல்ல? அவங்கள எடுக்கச் சொல்லு."

அப்போது அந்தப் பெண் குனிந்து பேசினாள். "அண்ணா, நான்தான். ஆன்ட்டி வீட்லதான் இருக்கேன். இங்க ஒரு குட்டிதான் இருக்கு. மூணு எங்கண்ணா?"

உன் பக்கம் யாரோ ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. நீ வேறு குரலில் பேசினாய்.

"அக்கா... நீங்க புகை ஆவாதுன்னு சொன்னீங்கல்ல. அதனாலதான்க்கா புகை மெஷின் வேணாம்னு சொல்லிட்டேன். குட்டிங்களுக்காகத்தான் ட்ரை ஐஸ் எடுத்தேன். அது வெறும் ஐஸ்தானேக்கா. ஆவி. வாசனைகூட இல்ல. மனுஷங்க நடக்கறாங்க, பொண்ணு மாப்ள நடக்கறாங்க, ஒண்ணும் ஆகலியே."

"செத்துடுச்சா?"

"பாட்டு முடிஞ்சி கூடையத் தூக்கறப்ப... தூங்குதுன்னுதான்க்கா நெனச்சோம்."

என் கணவர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். "ஐயோ, அலமாக்" என்று அவள் கணவன் மெதுவாகச் சொன்னான்.

"எங்க போட்ட?" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கிட்டேன்க்கா."

"எங்கன்னு கேட்டேன்."

"காச திருப்பித் தந்துடறேன்க்கா."

நீ லைனை வெட்டினாய். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே என் எண்ணைத் தடுத்துவிட்டாய்.

மறுநாள் வழக்கமாகப் போகிற கால்நடை மருத்துவரிடம் போனேன். குட்டிகளுக்கு ஊசி போட்டவர் அவர்தான். அவர் மலாயில் விளக்கினார். அந்த ஐஸ் தண்ணீரால் ஆனது இல்லையாம். உறைய வைத்த கரியமில வாயு. கரையும்போது அந்த வாயு காற்றைவிடக் கனமாகத் தரையில் தங்கும். மனிதர்களுக்குத் தலை மேலே இருக்கிறது, மூச்சுவிட்டுக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். கீழே கூடையில் இருப்பவற்றுக்கு இழுப்பதற்குக் காற்றே இருக்காது. வலைக்குள் இருந்தால் ஏறி வரவும் முடியாது. "தூங்குற மாதிரிதான் போயிருக்கும், வலி இருந்திருக்காது" என்று என்னைத் தேற்றினார். நல்ல மனுஷி. ஆனால் அந்தத் திறந்த வாயை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, நீ என் பேச்சைக் கேட்டிருக்கிறாய். புகை கூடாது என்றேன், புகையை நிறுத்தினாய். மேலே செலவு செய்து, வாசனையில்லாத, வெள்ளையான, குளிர்ந்த ஒன்றைக் கொண்டுவந்து அவற்றின் மேல் ஊற்றினாய். இது ஆகுமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். கல்யாண மேடையில் வைக்கப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கொடுத்திருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும். அதனால்தான் "பிரிச்சா பாவம்" என்றாய். உண்மையில் மூன்றையும் பிரிக்காமல்தான் அனுப்பினாய்.

அந்தப் பெண் திரும்ப ஒரு தடவை வந்தாள். தன் கல்யாண நாளை நினைத்தாலே அந்தக் கூடைதான் தெரிகிறது என்றாள். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி உன்னிடம் கேட்டிருக்கிறாள். அதிகமான ஆட்கள் பார்த்த வீடியோ அதுதான், அதை எடுத்தால் உன் பொழப்பு என்ன ஆவது என்று நீ கேட்டாயாம். அவள் முகம் வருகிற இடங்களை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அப்படியே வைத்திருக்கிறாய்.

போகும்போது, கண் ஒழுகுகிற குட்டியைத் தனக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தரையில் உட்கார்ந்துதான் இருந்தாள். குட்டியும் தானாகவே அவள் மடிக்குப் போயிருந்தது. கொடுக்க வேண்டிய ஆள்தான். எனக்கு மனம் வரவில்லை. "மன்னிச்சிக்கோம்மா" என்றேன். "பரவால்ல ஆன்ட்டி" என்று அழுதுகொண்டே காரில் ஏறினாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் கல்யாணத்தைக் கெடுத்தது போதாதென்று, என்னையும் அவளிடம் கல்நெஞ்சுக்காரி ஆக்கிவிட்டாய்.

தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் குட்டி பிறக்காது. மகள் அறையில் ஏர்கோன் ஓடுகிறது, தாயும் ஒரு பிள்ளையும் படுத்திருக்கின்றன. கணவர் முன்பு போலக் கிண்டல் செய்வதில்லை. வேலை முடிந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே அந்த அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.

இதை இத்தோடு விட்டிருப்பேன். துக்கத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் போன வாரம் பூனைக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளைப் பெர்சியன் குட்டிகள் இரண்டு மூன்று வேண்டும், ஆணோ பெண்ணோ பரவாயில்லை, சனிக்கிழமைக்குள் வேண்டும், சான்றிதழ் வேண்டாம். எதற்கு என்று கேட்டேன். "டின்னர் எண்ட்ரிக்கு. ஒரு வீடியோல பாத்தோம், ரொம்ப அழகா இருந்துச்சு" என்று பதில் வந்தது. கொடுக்க வேண்டாம் என்று குழுவில் இருந்த எல்லோரிடமும் கெஞ்சினேன். யாரோ கொடுத்திருப்பார்கள். சனிக்கிழமை போய்விட்டது. அவை என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு, விடுமுறைக்கு வந்திருந்த மகளின் போனிலிருந்து உன் பக்கத்தைப் பார்த்தேன். "அண்ணா, பூனை செட்டப் எங்களுக்கும் செய்வீங்களா?" என்று கீழே எத்தனை ஜோடிகள் கேட்டிருக்கிறார்கள்! நீ ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டிருக்கிறாய். ஒன்றுக்கு "போலே" என்று எழுதியிருக்கிறாய். முடியும் என்று சொல்கிறாய். என்ன நடந்தது என்று அவள் போனிலிருந்து எழுதினேன். அழித்தாய். மறுபடி எழுதினேன். அவளையும் தடுத்துவிட்டாய்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். காசும் வேண்டாம். அந்த வீடியோவுக்குக் கீழே, உன் பெயரில், எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுது. அந்தக் கூடையிலிருந்த மூன்றும் பாட்டு முடிவதற்குள் செத்துப்போயின என்று எழுது. எதனால் செத்தன என்று எழுது. கூடையைத் தூக்கிப் பார்த்த பிறகும் ஏன் இதயம் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று, உன்னிடம் கேட்ட அத்தனை ஜோடிகளுக்கும் சொல். செத்ததை எங்கே போட்டாய் என்றும் சொல். டேவானுக்குப் பின்னாலிருக்கும் குப்பைத் தொட்டி என்றால் குப்பைத் தொட்டி என்றே சொல்.

தம்பி, ஊர் பார்க்க வீடியோ போட்டாய். ஊர் பார்க்கவே பதில் சொல்.